பில் இருப்பது ஒரு கணினிக்கு, கிராக் ஏறியது இரண்டில்

கேள்வி (சுருக்கம்): ஐயா, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டு வரைபடம் வரைந்து தரும் கடை நடத்துகிறேன். கோயம்புத்தூரில் முறையான பில்லோடு ஒரு வரைபட மென்பொருள் வாங்கினேன். மகளின் பள்ளியில், கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ் இயங்குதளம் என்பதால், அந்த மென்பொருள் இருந்த பழைய கணினியில் விண்டோஸோடு லினக்ஸையும் ஏற்றினோம். அன்றே மென்பொருளின் ஆக்டிவேஷன், அதாவது உரிமப் பதிவு, போய்விட்டது. விற்றவர்கள் மாதக்கணக்கில் அலைக்கழித்ததால் டெக்னீஷியன், உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் போட்டுத் தந்தார். தம்பி வேலை செய்யும் கணினியிலும் அதையே ஏற்றினார். இப்போது மென்பொருள் நிறுவனத்தின் தில்லி வக்கீலிடமிருந்து 9 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்துள்ளது. காசு கொடுத்து வாங்கிய நான் திருடனா?

பதில்: விற்றவர்களின் அலட்சியம் நுகர்வோர் ஆணையத்துக்கு உரியது, அதற்கும் இரண்டாண்டுக் கெடு உண்டு. இந்த நோட்டீஸுக்கான பதிலில் அதற்கு இடமில்லை. உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய தம்பியின் கணினி பற்றியது.

முதல் கணினிக்கு நல்ல வாதம் இருக்கிறது. சில மென்பொருள்கள் தம் உரிமப் பதிவை டிஸ்கின் தொடக்கத்தில், முதல் பார்ட்டிஷனுக்கு (பிரித்த பகுதிக்கு) முன்னுள்ள இடத்தில் எழுதிவைக்கும். பழைய முறை டிஸ்குகளில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரல் அதே இடத்தில் அமர்வதால் அந்தப் பதிவு அழிந்துபோவதுண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. பணம் கட்டி வாங்கிய உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்று வாதிடலாம். தம்பியின் கணினிக்கு இந்த வாதம் செல்லாது. உரிமமற்ற நகலைத் தெரிந்தே பயன்படுத்துவதற்கு 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சிறையைத் தவிர்க்கும் சலுகை தொழிலுக்காகப் பயன்படுத்தாதவருக்கே உரியது, நீங்களோ கடை நடத்துகிறீர்கள்.

என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதற்கு அடுத்துதான் இருக்கிறது. நோட்டீஸ் வந்த இரவே டிஸ்கை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் பகுதியை மட்டும் அழித்துவிட்டு, “எங்களிடம் இருப்பது லினக்ஸ்தான்” என்று பதில் எழுதுகிறார்கள். ஆனால் கிராக் செய்த நகல் இணையத்தில் சேரும்போதெல்லாம் கணினியின் அடையாள எண்ணையும் தேதியையும் நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கக்கூடும் என்பதையும், நீதிமன்றம் முன்னறிவிப்பின்றி அனுப்பும் ஆணையர் டிஸ்கைப் பிரதி எடுத்தால் அழித்த தேதி நோட்டீஸ் தேதிக்குப் பின்னால் நிற்கும் என்பதையும் அவர்கள் நினைப்பதில்லை. அதுவரை பணத்தில் முடிந்திருக்கக்கூடிய விவகாரம், அப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி சாட்சியத்தை அழித்த குற்றமாகிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது: லினக்ஸ் ஏற்றிய நாளிலேயே ஆக்டிவேஷன் போனது என்பதற்கான தடயமும் அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு டிஸ்குகளையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வேறு டிஸ்கில், கிராக் இல்லாமல் வேலையைத் தொடருங்கள்.

இடையில் நிறுவனத்தின் சார்பில் ஒருவர் பணிவாகத் தொலைபேசியில் பேசி, எத்தனை கணினி, எப்போதிலிருந்து என்று நிரப்பித் தர ஓர் அட்டவணை அனுப்பலாம். நிரப்பாதீர்கள். அதில் நீங்கள் எழுதுவது உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகவே நிற்கும்.

சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. 9 லட்சம் என்பது பேரத்தின் தொடக்கம். பில்லைக் காட்டி, ஒரு கணினிக்கான உரிமத் தொகையிலிருந்து நீங்கள் பேச்சைத் தொடங்கலாம். வழக்கு நடத்த தில்லிக்கு அலையும் செலவே அதைத் தாண்டிவிடும். ஆனால் விற்பனையாளரிடம் புது உரிமம் வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நம்பாதீர்கள், ஏனென்றால் அந்த பில் இன்றிலிருந்துதான் காப்பாற்றும், பழைய பயன்பாடு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். பதிப்புரிமை உள்ள நிறுவனமே, இரண்டு கணினிகளையும் குறிப்பிட்டு, இதுவரையான பயன்பாட்டுக்குச் சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் எடுப்பதில்லை என்று கையெழுத்திட்டுத் தந்த பிறகே பணத்தை அனுப்புங்கள்.

நோட்டீஸில் குறித்த கெடு முடிவதற்குள் உங்கள் பக்கத்துச் சித்தூரிலோ பாலக்காட்டிலோ ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கோவை பில், மென்பொருளின் வரிசை எண், விற்றவர்களுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.