வரிசையில் நின்றவருக்கு விழுந்த அடி

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த மூன்று நீதிபதிகளை 2010இல் மக்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மக்களுக்கு மேல் நீதிபதி யார்? இதுதானே அசல் ஜனநாயகம்?

பதில்: மூன்று பேர் என்று யார் சொன்னது? ஏழு பேர். 2009 ஏப்ரலில் அயோவா உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த தீர்ப்பு அது. எழுதியவர் மார்க் கேடி. அவரை யாரும் அசைக்கவில்லை. ஏனென்றால் 2010 ஓட்டுச்சீட்டில் அவர் பெயர் இல்லை! தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரெய்ட், டேவிட் பேக்கர் மூவருக்கும் அந்த நவம்பரில் முறை வந்தது, மாட்டிக்கொண்டார்கள்.

அங்கே நீதிபதியை நியமிப்பவர் ஆளுநர். பிறகு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை (புதியவருக்குச் சீக்கிரமே) 'இவர் நீடிக்கலாமா?' என்று மக்களிடம் கேட்பார்கள். ஆம் அல்லது இல்லை. எதிர் வேட்பாளர் கிடையாது. 1962இல் வந்த இந்த ஏற்பாட்டில் அதுவரை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூடத் தோற்றதில்லை. 2010இல் தோற்கடிக்கக் கிளம்பிய பாப் வாண்டர் பிளாட்ஸ், அதே ஆண்டு ஆளுநர் வேட்பாளராக முயன்று தன் கட்சிக்குள்ளேயே தோற்றவர். வெளிமாநில அமைப்புகளின் பணமும் வந்து இறங்கியது. நீதிபதிகள் மூவரும் பதிலுக்குப் பணம் திரட்டவில்லை. திரட்டியிருந்தால், கொடுத்தவரின் வழக்கு நாளைக்கு வரும்போது எந்த முகத்தோடு உட்காருவது?

சரி, உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தீர்ப்பு பிடிக்காவிட்டால் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். அடுத்தடுத்துத் தேர்வான இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றிய பிறகு மக்கள் வாக்களிக்க வேண்டும். மாநில மேலவையான செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மைக் கிரான்ஸ்டல் அதை ஓட்டெடுப்புக்கே வரவிடவில்லை. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் சட்டமன்றத் தேர்தல். கதவைச் சாத்தியவர் ஒருவர், அடி வாங்கியவர்கள் வேறு மூவர்.

'மக்களுக்கு மேல் யார்' என்கிறீர்கள். அயோவா இன்னும் மாநிலமாகாத 1839இல், அதன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் வழக்கே ரால்ஃப் என்ற கறுப்பின அடிமையுடையது. 550 டாலர் தந்தால் விடுதலை என்று மிசூரி எஜமானர் ஒப்பந்தம் போட்டார். ரால்ஃப் அயோவாவின் டூபியூக்கில் ஈயச் சுரங்கத்தில் உழைத்தார், பணம் சேரவில்லை. எஜமானர் ஆள் அனுப்பிப் பிடிக்கச் சொன்னார். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கடன் கடன்தான், கட்டட்டும். அதற்காக மனிதனை மறுபடி அடிமையாக்க முடியாது. கேடி தன் 2009 தீர்ப்பில் இதை நினைவுபடுத்தியிருக்கிறார். இந்த வழக்கை மக்கள் ஓட்டுக்கு விட்டிருந்தால் ரால்ஃபுக்கு அதில் ஓட்டே இருந்திருக்காது. அப்போது அங்கே கறுப்பர்களுக்கு வாக்குரிமை கிடையாது.

அப்புறம், மூவரையும் அனுப்பியதில் தீர்ப்பு மாறியதா? ஓர் எழுத்துகூட இல்லை, திருமணங்கள் தொடர்ந்தன. 2012இல் அந்த ஏழு பேரில் இன்னொருவரான டேவிட் விக்கின்ஸுக்கு முறை வந்தது. அதே எதிர்ப்பு, அதே பிரசாரம், தப்பித்தார். 2016இல் கேடியின் முறை. தீர்ப்பை எழுதிய கைக்குச் சொந்தக்காரர், அதற்குள் தலைமை நீதிபதியாகவும் ஆகிவிட்டிருந்தார். அதே அயோவா மக்கள் 'நீடிக்கலாம்' என்று ஓட்டுப் போட்டார்கள். இப்போது சொல்லுங்கள், டெர்னஸ் செய்த குற்றம் என்ன?