எட்டு ஆண்டுக் கணக்கு

கேள்வி: மார்வெல் படங்களைக் கதை நடக்கும் காலவரிசைப்படி மகனுக்குப் போட்டுக் காட்டி வருகிறேன். ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ வந்ததும் கணக்கு உதைக்கிறது. இத்தனை கோடி கொட்டிப் படம் எடுப்பவர்களால் ஒரு காலண்டர் வாங்க முடியாதா?

பதில்: வாங்கியிருப்பார்கள், புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் வரும் நியூயார்க் சண்டையின் இடிபாடுகளை அள்ளுவதில் அந்தப் படம் தொடங்குகிறது. சண்டை நடந்தது 2012இல். அடுத்து ‘8 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று திரையில் எழுத்து வருகிறது. அப்படியானால் 2020. ஆனால் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் 2018இலேயே வில்லன் தானோஸ் சொடக்குப் போட்டு உயிர்களில் பாதியை அழிக்க, ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் தூசியாய் உதிர்ந்துவிடுகிறானே! அந்தப் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஜோ ரூசோவே அந்த எட்டு தவறு என்று சொல்லிவிட்டார். நான்கு என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

இதற்கெல்லாம் கோபப்பட்டால் உண்மையான மோசடிக்குக் கோபம் மிச்சமிருக்காது. 2013இல் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது, படமும் தொடரும் ஒரே கதை, எல்லாம் இணைந்தது என்றுதான் விளம்பரம் செய்தார்கள். ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் வில்லன் லோகி கையால் செத்த, ஷீல்ட் என்ற உளவு அமைப்பின் ஏஜென்ட் கோல்சன் இந்தத் தொடரில் உயிரோடு வந்தார். 2014இல் ‘விண்டர் சோல்ஜர்’ படம் ஷீல்ட் அமைப்பையே கவிழ்த்தபோது, தொடரும் கூடவே தன் கதையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டது. நன்றாகவே செய்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் பதில் மரியாதை? கோல்சன் பிழைத்துவிட்டார் என்ற சேதியை ‘அயர்ன்மேன்’ டோனி ஸ்டார்க்குக்கு எந்தப் படமும் சொல்லவில்லை. 1995இல் நடக்கும் ‘கேப்டன் மார்வெல்’ படத்தில் இளவயதுக் கோல்சனுக்கு இடம் கொடுத்தார்கள், பிழைத்து வந்தவருக்குக் கொடுக்கவில்லை. தொடரின் ஐந்தாம் சீசன் முடிவில் தானோஸின் படையெடுப்பு பற்றிய பேச்சு அடிபடுகிறது. ஆறாவதில், அவன் சொடக்கால் உலகில் பாதிப் பேர் காணாமல் போனது பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை!

காரணம் கதையில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. படங்கள் மார்வெல் ஸ்டுடியோஸ் தலைவர் கெவின் ஃபைகியிடம், தொடர்கள் ஜெஃப் லோபின் தொலைக்காட்சிப் பிரிவிடம். 2015இல் ஃபைகி நேராக, மார்வெலின் உரிமையாளரான டிஸ்னியின் சினிமாத் தலைமைக்குக் கீழே போய்விட, தொடர்கள் பழைய நிர்வாகத்திடமே தங்கின. 2019இல்தான் இரண்டும் ஃபைகியிடம் சேர்ந்தன. அதற்குப் பிறகு, அந்தத் தொலைக்காட்சிப் பிரிவு நெட்ஃபிளிக்ஸுக்கு எடுத்த ‘டேர்டெவில்’ தொடரின் நாயகனுக்கு அதே நடிகரோடு 2021 ஸ்பைடர்மேன் படத்தில் கதவு திறந்தது. 2024இல் அந்தத் தொடரை டிஸ்னியின் ஓடிடி தளமான டிஸ்னி பிளஸ் தன் மார்வெல் காலவரிசையிலும் சேர்த்துக்கொண்டது. அதுவரை நம்பிப் பார்த்த ரசிகன் நடுத்தெருவில் நின்றான்.

சரி, உங்கள் வீட்டு விஷயம். படங்களை வெளிவந்த வரிசையில் பார்ப்பதுதான் சரி. காலவரிசையில் ‘கேப்டன் மார்வெல்’ ஆரம்பத்திலேயே வந்துவிடும். அதன் முடிவில் ஒட்டியிருக்கும் துண்டுக் காட்சியோ தானோஸ் சொடக்குக்குப் பிறகு நடப்பது. ‘பிளாக் விடோ’ 2021இல் வந்தாலும் கதை நடப்பது 2016இல். ஆகவே ‘ஹோம்கமிங்’ வரை வந்துவிட்ட உங்கள் மகன், அதன் முடிவில் ஒட்டியிருக்கும் துண்டுக் காட்சியில், பிளாக் விடோவான நடாஷாவின் கல்லறையை அநேகமாகப் பார்த்திருப்பான். அவள் சாகிற ‘எண்ட்கேம்’ இன்னும் பாக்கி இருக்கிறது.