‘க த்யு சுவா வெனு’ என்று திருத்தியது ஏன்?

வணக்கம். ‘நீ நேற்று வந்ததில் எனக்கு மகிழ்ச்சி’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘க த்யு வியென்’ என்று எழுதியதை, ஆசிரியர் ‘க த்யு சுவா வெனு’ என்று திருத்திய காரணத்தைக் கேட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி, வருத்தம், ஐயம் ஆகியவற்றைச் சொல்லும் தொடருக்குப் பின் சுப்ழோங்க்திஃப் என்னும் வினைவடிவம் வரவேண்டும் என்பதைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். தவறியது காலம் மட்டுமே.

மகிழ்வதற்கு முன்பே வருகை முடிந்துவிட்டதால், அவுவார் அல்லது ஏத்ர் என்னும் துணைவினையை நிகழ்கால சுப்ழோங்க்திஃபில் வைத்து, அதனுடன் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்க்க வேண்டும். வெனீர் (வருதல்) ஏத்ரை ஏற்பதால் ‘சுவா வெனு’. ஃபினீர் (முடித்தல்) அவுவாரை ஏற்பதால் ‘ஏ ஃபினி’. வந்தவர் பெண்ணாயின் ‘வெனு’வின் இறுதியில் எழுத்தில் ஓர் ‘எ’ கூடுமே தவிர, ஒலி மாறாது.

‘சுப்ழோங்க்திஃப் பாசே’ என்னும் இந்த வடிவத்தின் பெயரில் ‘பாசே’ (கடந்தது) இருப்பதுதான் பலரையும் குழப்புகிறது. அது கடந்த காலத்தைவிட, ஒன்றுக்கு முன் மற்றொன்று முடிந்திருப்பதையே காட்டுகிறது. ஆகவேதான் ‘இல் ஃபோ க த்யு ஏ ஃபினி அவான் மிதி’, அதாவது ‘நண்பகலுக்குள் நீ முடித்திருக்க வேண்டும்’ என்று, இனி நடக்கவிருப்பதற்கும் அது பொருந்துகிறது.

மகிழ்பவரும் வந்தவரும் ஒருவரே எனில் சுப்ழோங்க்திஃப் தேவையில்லை. ‘ழெ சுவி கொந்தான் தேத்ர் வெனு’, அதாவது ‘நான் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி’ என்று எழுதுங்கள். ‘பிறகு’ என்னும் பொருள்தரும் ‘அப்ரே க’வுக்குப் பின்னும் இலக்கண விதிப்படி சுப்ழோங்க்திஃப் வராது, பிரெஞ்சுக்காரர்களே அங்கு அடிக்கடி இடறினாலும்.