இணைவு ஆய்வில் எதைத் திறந்தார்கள், எதைப் பூட்டி வைத்தார்கள்?

ரகசிய நீக்கம் என்றால், அரசு பூட்டி வைத்த ஆய்வுத் தாள்களை யாரும் படிக்கலாம் என்று திறந்துவிடுவது. லேசான அணுக்கருக்கள் சேர்ந்து ஆற்றல் தருவதுதான் இணைவு. சூரியன் எரிவதும் ஹைட்ரஜன் குண்டு வெடிப்பதும் இதனால்தான், சிக்கலே அங்கேதான்.

1956-ல் சோவியத் விஞ்ஞானி குர்ச்சாத்தவ் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு மையத்துக்கே போய்த் தங்கள் ஆய்வை விவரித்தார். (பனிப்போர்க் காலத்தில்!) 1958 ஜெனீவா அணுசக்தி மாநாட்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் பிளாஸ்மாவை (இணைவு நடக்கும் அதிவெப்ப, மின்னேறிய வாயுவை) காந்தப்புலத்தால் அடக்கும் ஆய்வைத் திறந்துவிட்டன. ஆனால் மிளகளவு எரிபொருள் உருண்டையை லேசரால் நசுக்கும் முறையில் பெரும்பகுதியை அமெரிக்கா 1993 வரை வெளியிடவில்லை. அந்த நசுக்கல், ஹைட்ரஜன் குண்டு உள்ளே வேலை செய்யும் விதத்தைக் காட்டிக்கொடுக்கும். அடுப்பு மூட்டும் விதத்தை ஊருக்கே சொல்லலாம், வெடிமருந்து இடிக்கும் பக்குவத்தைச் சொல்வோமா?

ஓடும் இணைவு உலையையே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 1958-ல் பூட்டைத் திறந்து பார்த்தால், எல்லா நாடுகளும் பிளாஸ்மாவை அடக்க முடியாமல் ஒரே இடத்தில் திணறிக்கொண்டிருந்தன.