ஹேஸ்: ஒரு பழைய கஞ்சா ரகத்தின் பூர்வீகமும் மணமும் (கேள்வி பதில்)

நான் வாசனை வேதியியல் படித்தவன். நெதர்லாந்தில், செடிகளின் மண எண்ணெய்களைப் பகுத்துப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை. ஹேஸ் ரகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது என்ற கேள்விகளை விட்டுவிட்டேன். மற்றவற்றுக்குப் பதில் கீழே.

கோவை வாசகர்: ஹேஸ் அமெரிக்காவில் பிறந்த ரகம் என்கிறார்கள். தென்னிந்தியக் கஞ்சாவும் அதில் கலந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி சார்?

இரண்டும் சரிதான். ஹேஸ் உருவான இடம் கலிபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் சான்டா குரூஸ். காலம் 1970-களை ஒட்டியது. அன்று அமெரிக்காவுக்குக் கடத்தி வரப்பட்ட கஞ்சாவில் விதையும் சேர்ந்தே வரும். ஹேஸ் சகோதரர்கள் என்று அழைக்கப்பட்ட சிலர் அந்த விதைகளை முளைக்கவைத்து, ஒன்றோடொன்று கலந்து, நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்து, தென்னிந்தியா என்று நான்கு மண்ணின் நாட்டு ரகங்கள் அதில் சேர்ந்தன என்பார்கள். தென்னிந்தியா என்றால் பெரும்பாலும் கேரளத்து மலைப்பகுதி என்றுதான் பொருள். சட்டவிரோத வேலை என்பதால் யாரும் ஏடு எழுதி வைக்கவில்லை. அதனால் வாய்வழி வந்ததைத்தான் நாம் கேட்கிறோம்.

செடியின் உடம்பும் அந்தக் கதைக்கு ஒத்துப்போகிறது. ஒல்லியான இலை, நெடுநெடுவென்ற உயரம், பூ முற்ற 14 முதல் 16 வாரம். ஆப்கானிஸ்தான் மலைச்செடி எட்டு வாரத்தில் முற்றிவிடும், ஏனென்றால் உறைபனி வருவதற்குள் விதையைக் கொட்டியாக வேண்டும். கேரள மலைப்பகுதியான இடுக்கி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில். அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், பனிக்கட்டி என்ற பயமும் கிடையாது. அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த செடி அவசரப்படாது. 37 டிகிரியில் இருக்கும் சான்டா குரூஸுக்குக் கொண்டுபோனாலும் அந்த நிதானம் மாறவில்லை.

ஈரோடு வாசகர்: அப்புறம் ஏன் ஹேஸ் என்றதும் எல்லாரும் ஆம்ஸ்டர்டாம் என்கிறார்கள்?

1980-களில் விதைகள் அங்கே வந்து சேர்ந்ததால். சாம் தி ஸ்கங்க்மேன் என்ற பட்டப்பெயரில் அறியப்பட்ட அமெரிக்கர் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நெதர்லாந்தில் தபால்வழி விதை வியாபாரம் தொடங்கிய நெவில் ஷூன்மேக்கர்ஸ் அதைப் பிற ரகங்களோடு கலந்தார். விளக்கு வைத்துக் கூரைக்குள் வளர்ப்பவருக்கு 16 வாரம் கட்டுப்படியாகாது, மின்கட்டணமே விழுங்கிவிடும். அதனால் நார்தர்ன் லைட்ஸ் போன்ற குட்டையான, சீக்கிரம் பூக்கும் ஆப்கன் வழி ரகங்களோடு சேர்த்தார்கள். சில்வர் ஹேஸ், சூப்பர் சில்வர் ஹேஸ், அம்னீஷியா ஹேஸ் எல்லாம் இப்படி வந்த கலப்புகள். சூப்பர் சில்வர் ஹேஸ் 1990-களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் கன்னாபிஸ் கப் போட்டியில் தொடர்ந்து பரிசு வாங்கியது.

1989-இல் அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை 'கிரீன் மெர்ச்சன்ட்' என்ற பெயரில் விதை வியாபாரிகளையும் செடி வளர்ப்பு விளக்கு விற்கும் கடைகளையும் குறிவைத்தது. நெவிலும் அதில் சிக்கினார், அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் கைதானார். ஆனால் விதைகள் அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன.

இன்று ஹேஸ் என்று விற்பது எல்லாமே இந்தக் கலப்பு வாரிசுகள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூல ஹேஸைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

சென்னை, தாவரவியல் மாணவி: ஹேஸ் 'சட்டைவா', அதனால் சுறுசுறுப்பு தரும், 'இன்டிகா' தூக்கம் தரும் என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். அறிவியல் என்ன சொல்கிறது?

நல்ல கேள்வி அம்மா. எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயமும் இதுதான்.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சட்டைவா என்று பெயரிட்டது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த கஞ்சா வகைச் செடிக்கு. 1785-இல் இன்னொரு தாவரவியலாளர் லாமார்க் இன்டிகா என்று பெயரிட்டது, சொன்னரா என்ற பயணி இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒல்லி இலைச் செடிக்கு. அதாவது நம் ஊர்ச் செடிதான் முதல் இன்டிகா. இன்றைய வியாபாரமோ அதே ஒல்லி இலைச் செடியின் வாரிசான ஹேஸை சட்டைவா என்கிறது, ஆப்கன் அகல இலைச் செடியை இன்டிகா என்கிறது. பெயர்ச்சீட்டு அப்படியே மாறிக் கிடக்கிறது.

மரபணுவைப் பார்த்தால் இன்னும் மோசம். 2015-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், நூறு சதவீதம் சட்டைவா என்று சொல்லப்பட்ட ஜமைக்கா ரகம் ஒன்று, நூறு சதவீதம் இன்டிகா என்று சொல்லப்பட்ட ஆப்கன் ரகத்தோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 2021-இல் நெதர்லாந்து மாதிரிகளை வைத்து வந்த ஆய்வும், இந்தச் சீட்டுகள் செடியின் முழு மரபணுவோடு பெரிதாகப் பொருந்தவில்லை, சில மணப்பொருள்களோடு மட்டும்தான் பொருந்துகின்றன என்றது. விற்பவர்கள் முகர்ந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: மணம் எப்படி இருக்கும்? எல்லாக் கஞ்சாவும் ஒரே நாற்றம்தானே?

இல்லவே இல்லை. என் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நல்ல ஹேஸ் பூவைக் கசக்கினால் முதலில் எழுவது சாம்பிராணி. அதன் பின்னால் மிளகு, எலுமிச்சைத் தோல், அப்போதுதான் அறுத்த தேவதாரு மரம். கொஞ்சம் உலோக வாடையும் இருக்கும். வாயில் படும்போது காரமும் லேசான கசப்பும் நிற்கும். ஸ்கங்க் ரகத்தின் அழுகல் நெடியோ, ஆப்கன் ரகத்தின் ஈரமண் வாசனையோ இதில் முன்னுக்கு வராது.

இந்த மணங்களைத் தருபவை டெர்பீன்கள் என்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்கள். பெரும்பாலான கஞ்சா ரகங்களில் மிர்சீன்தான் ஆதிக்கம். ஹேஸ் குடும்பத்தில் பல செடிகளில் டெர்பினோலீன் முன்னே நிற்கிறது. ஜாதிக்காயிலும் தேயிலை மர எண்ணெயிலும் இருக்கும் அதே பொருள். மிளகு மணத்தைக் கொடுப்பது கேரியோஃபிலீன், அது மிளகிலும் கிராம்பிலும் இருப்பது. எலுமிச்சைக்கு லிமோனீன்.

டெர்பினோலீன் காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அழுத்திக் கட்டி, வெயிலில் கிடந்து, லாரியில் வந்த பொட்டலத்தில் இதெல்லாம் போய் வைக்கோல் நெடிதான் மிஞ்சும். எல்லாம் ஒரே நாற்றம் என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

சேலம் வாசகர்: ஹேஸ் மூளையில் என்ன செய்கிறது?

மற்றக் கஞ்சா செய்வதைத்தான். கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருள் டிஹெச்சி. செடியில் இருக்கும் அதன் அமில வடிவம் சூட்டில் டிஹெச்சியாக மாறுகிறது. இந்த டிஹெச்சியை 1964-இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டார்கள். மூளையில் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. நம் உடம்பே சுரக்கும் ஆனந்தமைடு அதில் ஒட்டும், டிஹெச்சியும் அங்கேயே போய் ஒட்டுகிறது. புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும், அதற்குள் ஒன்றுமில்லையே என்று மறுபடி சாப்பிடுபவர்கள்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

ஹேஸுக்கு உள்ள பெயர்: தூக்கம் வராது, பேச்சு வரும், சிந்தனை ஓடும், நேரம் நீளும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே விழிப்பு இன்னொருவருக்கு நெஞ்சுப் படபடப்பாகவும், யாரோ கவனிக்கிறார்கள் என்ற பயமாகவும் வரும். ரகத்தைவிட எவ்வளவு டிஹெச்சி, யார் உடம்பு, எந்த மனநிலை என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது, நாடித்துடிப்பு சட்டென்று ஏறும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, இஞ்ச பிடிபடுற எல்லாத்தையும் 'கேரள கஞ்சா' எண்டுதான் செய்தியில போடுறாங்கள். அதுவும் ஹேஸும் ஒரே வழியோ?

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. கடல் தாண்டி இந்தியாவிலிருந்து வருவதற்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று தென்னிந்தியாவில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. அந்தப் பொட்டலத்துக்கும் பழைய இடுக்கி ரகத்துக்கும் உறவு இருக்கிறதா என்று பெயரை வைத்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

மதுரை, ஒரு அக்கா: என் தம்பிக்கு வயது 19. தினமும் புகைக்கிறான். 'இது இயற்கை, ஹேஸ் சுத்தமான ரகம்' என்கிறான். நான் பயப்படுவது சரியா?

சரிதான் அக்கா. 1970-களில் புழங்கிய கஞ்சாவில் டிஹெச்சி சில சதவீதம்தான். இன்றைய கலப்பு ஹேஸில் 20 சதவீதம் சாதாரணம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்தி 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஆய்வில், 10 சதவீதத்துக்கு மேல் டிஹெச்சி உள்ளதைத் தினமும் எடுப்பவர்களிடம் மனச்சிதைவு போன்ற நோய் தொடங்கும் வாய்ப்பு, ஒருபோதும் எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று வந்தது. எல்லாருக்கும் வரும் என்று பொருளில்லை. ஆனால் 19 வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அவனைத் திட்டி ஒதுக்காதீர்கள். தூக்கம் கெடுவது, தனியாகப் பேசுவது, காரணமில்லாத சந்தேகம் என்று ஏதாவது தெரிந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இந்தியாவில் இலவசம்.

சிங்கப்பூரிலிருந்து: அண்ணா, ஆம்ஸ்டர்டாம் சுற்றுலா வருகிறேன். காஃபி ஷாப்பில் ஒரு முறை பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. இங்கே காஃபி ஷாப் என்ற கஞ்சாக் கடைகளில் ஐந்து கிராம்வரை வாங்குவதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்தாலும் உங்கள் ஊர்ச் சட்டப்படி குற்றம், திரும்பும்போது சோதனையும் நடக்கலாம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தியாவிலிருந்து கேட்டவர்களுக்கும் இங்கேயே: 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா ஒரு கிலோவரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவுக்கும் ஓர் ஆண்டுவரை சிறை உண்டு. செடி வளர்த்தால் பத்தாண்டுவரை.

திருவனந்தபுரம், தமிழ் வாசகர்: மூல ஹேஸைத் திரும்ப உருவாக்க முடியுமா? எங்கள் மலையில் அந்த நாட்டு ரகம் இன்னும் இருக்கிறதா?

மூல ஹேஸை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். ஒவ்வொரு விதையும் தனித்தனி ஆள் மாதிரி. நான்கு தாய் ரகங்களை அப்படியே வைத்திருந்தால்தான் அந்தக் கலவையை நெருங்கவாவது முடியும்.

அந்தத் தாய் ரகங்கள்தான் கரைந்துகொண்டிருக்கின்றன. இடுக்கியில் கலால் துறையின் தொடர் சோதனைகளால் பழைய சாகுபடி பெருமளவு ஒழிந்தது. கலப்பு விதை வெளியிலிருந்து வந்து பூத்தால், அதன் மகரந்தம் மிச்சமிருக்கும் நாட்டுச் செடியிலும் கலந்துவிடும். போதைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மண்ணின் பல நூற்றாண்டுத் தேர்வு அந்த விதையில் இருக்கிறது, அது போனால் போனதுதான். சட்டத்திலேயே ஆராய்ச்சிக்காக வளர்க்க அனுமதி உண்டு. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் உரிமத்தோடு கஞ்சாச் செடியை ஆராய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் விதைகளையும் அதுபோல ஓர் உரிமத்தின் கீழ் சேகரித்து, குளிர் அறையில் எண் போட்டு வைக்க வேண்டும். கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ ஒரு வேளாண் பல்கலைக்கழகம் இதை எடுத்துச் செய்தால் என்னால் ஆன மணப் பகுப்பாய்வை நான் செய்து தருவேன்.