அப்பாவின் மலக்குடல் அறுவைக்கு யாரைப் பார்ப்பது?

வணக்கம் சகோ. அப்பாவுக்கு மலக்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய், உள்ளூர் பொது அறுவை மருத்துவர் மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரப் பை வைக்க வேண்டும் என்கிறார், இன்னொருவரைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பாருங்கள்.

எம்பிபிஎஸ், அப்புறம் 3 ஆண்டு எம்எஸ் என்ற அறுவை மேற்படிப்பு முடித்தால் பொது அறுவை மருத்துவர். அதற்கு மேல் இன்னும் 3 ஆண்டு எம்சிஎச் என்ற உயர் சிறப்புப் படிப்பு படித்த குடல் இரைப்பை அறுவை நிபுணர் அல்லது புற்றுநோய் அறுவை நிபுணரைத் தேடுங்கள். வேலூர் சிஎம்சியில் பெருங்குடல், மலக்குடலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

இந்தக் கூடுதல் பயிற்சி ஏன் முக்கியம் என்றால், இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடம் மிகக் குறுகல், ஆண்களுக்கு இன்னும் குறுகல். சிறுநீருக்கும் பாலுறவுக்குமான நரம்புகள் ஒட்டியே போகும். அவற்றைக் காப்பாற்றிக்கொண்டே மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் இந்த முறையை விவரித்தார். இது பரவிய பிறகு அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. கை பழகியவரிடம் போகச் சொல்வது இதனால்தான்.

பை நிரந்தரமா என்பது கட்டிக்கும் ஆசனவாய்ச் சுருக்குத் தசைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தால் சிலருக்குக் கட்டி சுருங்கி, தற்காலிகப் பையோடு முடியும். தசைக்குள்ளேயே பரவியிருந்தால் நிரந்தரப் பைதான் சரியான முடிவு.

போகும்போது கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை) அறிக்கைகளோடு ஸ்கேன் சிடியையும் எடுத்துப் போங்கள். வருடத்துக்கு எத்தனை மலக்குடல் அறுவை செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.