வேனா, உதவித்தொகையா? – ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

ஒரு சிறு நகரத்தில் இயங்கும் ரத்ததானக் கழகத்துக்கு நான் செயலாளர். பத்தொன்பது வருடமாக முகாம் நடத்துகிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவர், போன வருடம் இறந்துபோன தன் அம்மாவின் நினைவாகப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார். ரத்தம் ஏற்றும் துறையில் ஆராய்ச்சி செய்யும் இளையவர் ஒருவருக்கு இரண்டு வருட உதவித்தொகையாக அதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கழகத்தில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. முகாமுக்குப் போய்வர ஒரு வேன் வாங்கலாம் என்கிறார்கள். எழுபது முறைக்கு மேல் ரத்தம் கொடுத்த எங்கள் மூத்த உறுப்பினர், "எடுக்கிறோம், டெஸ்ட் பண்றோம், ஏத்துறோம். இதுல ஆராய்ச்சி பண்ண இன்னும் என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் எல்லா முகாமுக்கும் வருவார். ஒவ்வொரு முறையும் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, எச்.பி. (ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்) கம்மி என்று திருப்பிவிடுவார்கள். ஒரு தடவைகூட அவரால் ரத்தம் கொடுக்க முடிந்ததில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகமாட்டார். கொடுத்தவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுத்தபடி சாயங்காலம் வரை இருப்பார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உதவித்தொகையாகவே கொடுங்கள். வேன் கேட்பவர்கள் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. முகாம் நாளில் கட்டிலையும் ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் வேன் வாங்கித்தர இன்னொரு சங்கமோ ஒரு கம்பெனியோ என்றாவது வரும். ஓர் ஆளின் இரண்டு வருட நேரத்தை வாங்கித்தர யாரும் வருவதில்லை.

உங்கள் மூத்த உறுப்பினரின் கேள்விக்கு முதலில் வருகிறேன். எழுபது முறை கை நீட்டியவர் கேட்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மழைக்காலத்தில் உங்கள் கழகத்துக்கு ராத்திரி எத்தனை மணிக்கெல்லாம் போன் வரும் என்று அவருக்குத் தெரியும். டெங்கு. "பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு வந்துடுச்சு, உடனே ஆள் வேணும்." என் தம்பி மகனுக்காக நானும் ஒரு முறை அப்படிப் பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஓடியிருக்கிறேன். ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டை, ரத்தம் போலக் குளிர்ப்பெட்டியில் வாரக்கணக்கில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில், ஐந்து நாள்தான். அதனால்தான் அந்த நடுராத்திரி ஓட்டம்.

அந்த ஓட்டம் தேவைதானா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சில டாக்டர்கள் கேட்டார்கள். டெங்குவால் பிளேட்லெட் இருபதாயிரமோ அதற்குக் கீழோ இறங்கியும் பெரிய ரத்தக்கசிவு இல்லாத 372 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பிளேட்லெட் ஏற்றினார்கள். மறு பாதிக்கு ஏற்றாமல் மற்ற சிகிச்சை மட்டும் கொடுத்துக் கண்காணித்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. ரத்தக்கசிவு ஏற்றியவர்களில் 21 சதவீதம், ஏற்றாதவர்களில் 26 சதவீதம். ஏற்றியதால் பயன் என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. ஒவ்வாமை போன்ற தொல்லைகள் ஏற்றியவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே முடிவெடுக்கக் கூடாது. கசிவு இருப்பவருக்குப் பிளேட்லெட் உயிர் காக்கும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. உங்கள் ஆட்கள் ராத்திரி எழுந்து ஓடிக் கொடுக்கிற ஒன்று, சில பேருக்குத் தேவையே இல்லாமல் போயிருக்கலாம் என்று நமக்குத் தெரியவந்ததே ஆராய்ச்சியால்தான்.

அப்புறம், உங்கள் மூத்த உறுப்பினரின் உடம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் ரத்தம் கொடுக்கலாம். இங்கிலாந்தில் ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். இந்த இடைவெளி சரியா, குறைக்கலாமா என்று அங்கே 45,000-க்கும் அதிகமான கொடையாளர்களை வைத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். அந்த முடிவும் 2017-ல்தான் வந்தது. இடைவெளியைக் குறைத்தால் ரத்தம் அதிகம் கிடைக்கிறது. வாழ்க்கைத் தரத்தில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஆனால் உடம்பில் இரும்பு இருப்பு இறங்குகிறது, எச்.பி. குறைந்து திரும்பிப் போகிறவர்கள் கூடுகிறார்கள். இத்தனை வருடம் கொடுத்த உங்கள் மூத்தவரின் ஃபெரிட்டின் அளவை (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) யாராவது ஒரு முறையாவது பார்த்திருப்பார்களா? முகாமில் எச்.பி. மட்டும்தான் பார்க்கிறோம். எச்.பி. சரியாக இருப்பவருக்கும் உள்ளே இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டு வரலாம். நம் சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டு வளர்ந்த உடம்புக்கு 90 நாள் போதுமா என்பது இங்கே இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, கேள்வி இருக்கிறது. அதற்கு ஏன் உதவித்தொகை? இந்த இடத்தில் சார்லஸ் ட்ரூவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ட்ரூ அமெரிக்கக் கறுப்பின மருத்துவர், வாஷிங்டனில் பிறந்தவர். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1933-ல் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1938-ல் அவருக்கு ராக்ஃபெல்லர் உதவித்தொகை கிடைத்தது. அது ரத்த ஆராய்ச்சிக்கென்று கொடுத்த பணம் இல்லை. நல்ல பயிற்சி பெற்ற ஒரு கறுப்பின அறுவை மருத்துவர் ஹோவர்டுக்குத் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதுதான் நோக்கம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனையில், ரத்தத்தைச் சேமிப்பது பற்றி வேலை செய்துகொண்டிருந்த ஜான் ஸ்கடரிடம் அவரை அனுப்பினார்கள். அப்போது 'ரத்த வங்கி' என்ற சொல்லுக்கே ஒரு வயதுதான். 1937-ல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் வைத்த பெயர் அது. எடுத்த ரத்தம் எத்தனை நாள் தாங்கும், எந்தக் குப்பியில் வைத்தால் கெடாது, சிவப்பணு உடைந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் என்ன மாறுகிறது என்று ட்ரூ ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1939-ல் அந்த மருத்துவமனையிலேயே பரிசோதனை முறையில் ஒரு ரத்த வங்கி நடத்தினார்கள். அதையெல்லாம் சேர்த்து எழுதிய ஆய்வேடு 1940-ல் முடிந்தது.

அதே வருடம், இரண்டாம் உலகப் போரில், லண்டன் மேல் குண்டு விழுந்தது. பிரிட்டனுக்குக் கப்பலில் பிளாஸ்மா அனுப்ப வேண்டும், கிருமி புகாமல், ஒரே தரத்தில், ஆயிரக்கணக்கான பேரிடம் எடுத்து. அந்தத் திட்டத்தின் மருத்துவப் பொறுப்பு ட்ரூவிடம் வந்தது. 1941 ஜனவரிக்குள் 14,500-க்கும் மேற்பட்ட கொடைகள், 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கரைசல் அனுப்பினார்கள். குண்டு விழுந்த பிறகு உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருந்தால் இது நடந்திருக்காது. இரண்டு வருடம் முன்னால், வேறு ஏதோ நினைத்து ஒருவர் கொடுத்த பணத்தில், இன்னொருவர் நிம்மதியாகக் குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதனால்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. 1941 கடைசியில் அமெரிக்கப் படைகளுக்கு ரத்தம் சேர்த்தபோது, கறுப்பினத்தவரின் ரத்தம் வேண்டாம் என்றார்கள். பிறகு வாங்கிக்கொள்கிறோம், தனியாக வைப்போம் என்றார்கள். அப்படிப் பிரிப்பதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை என்று ட்ரூ சொன்னார். அதற்குள் அவர் ஹோவர்டுக்குத் திரும்பியிருந்தார். 1950-ல் ஒரு கார் விபத்தில் 45 வயதில் இறக்கும்வரை அங்கே கற்றுக்கொடுத்தார். 1941-க்கும் 1950-க்கும் இடையில் அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பின மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர் கையில் பயின்றவர்கள். பணம் கொடுத்தவர்கள் முதலில் கேட்டதும் அதைத்தானே.

உதவித்தொகை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கச் சென்னைக்கே வரலாம். 1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்தவர் நிர்மலா செல்லப்பன். இங்கே எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வுக்குத் தலைப்புக் கொடுத்தார். இந்தியாவில் அது இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம். நிர்மலாவின் கணவர் அவரைத் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய், பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த இல்லத்தில் விடுவார். மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் எடுத்தார். கருவிகளை அங்கே இங்கே கடன் வாங்கி, ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்தார்கள். வைக்க இடம் இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள். 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) போனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்ததில் ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. சட்டசபையில் அறிவிக்கும் அளவுக்குப் பெரிய செய்தி. 1989-ல் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. இன்று உங்கள் முகாமில் எடுக்கும் ஒவ்வொரு பைக்கும் அந்தச் சோதனை நடக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தாயா, பணமே இல்லாமல் சாதித்தார்கள் என்று சிலர் முடிப்பார்கள். எனக்கு அது சம்மதம் இல்லை. பணம் செலவாகத்தான் செய்தது. ஒரு குடும்பம் தன் ஃபிரிட்ஜையும் ஸ்கூட்டரையும் தூக்கத்தையும் கொடுத்தது. அப்படிக் கொடுக்க முடியாத வீட்டிலிருந்து வந்த எத்தனை நிர்மலாக்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு, வேண்டாம் மேடம், ஏதாவது சின்னதாகக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள்! இன்னொன்றும் உண்டு. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்த இல்லத்துப் பெண்களுக்குத் தெரியாது. அன்றைய வழக்கம் அப்படி. இன்று அது கூடாது. அதனால் உங்கள் உதவித்தொகையை ஒரு மருத்துவக் கல்லூரி வழியாகவே கொடுங்கள். அங்கே நெறிமுறைக் குழு இருக்கும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, படித்தால் புரிகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். அதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

பணக் கணக்கு எளிது. 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 8,88,000. வீட்டு வாடகைப் படியும் சேர்த்தால், ஊரைப் பொறுத்து, ஏறக்குறைய பத்திலிருந்து பதினொன்றரை லட்சம் வரை வரும். மீதியைச் சோதனைச் செலவுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் வையுங்கள். இயந்திரம் வாங்கித்தரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். டாக்டருக்குத்தான் என்று எழுதிவைக்காதீர்கள். ரத்த வங்கியில் பத்து வருடம் வேலை பார்த்த டெக்னீஷியனிடம் நல்ல கேள்வி இருந்தால் அவருக்கும் கிடைக்கட்டும். வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தாலும் வெளியிட வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டெங்கு ஆய்வு நமக்குச் சொன்னது அப்படிப்பட்ட ஒரு பதிலைத்தானே.

என்ன தலைப்பு என்று கல்லூரியில் கேட்பார்கள். அதை அந்த அம்மாவே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொடையாளருக்கு நூறு மில்லி ரத்தத்தில் 12.5 கிராம் எச்.பி. வேண்டும் என்பது விதி. நீல மயில்துத்தக் கரைசலில் விட்ட துளி முங்கினால் கட்டிலுக்கு, மிதந்தால் வீட்டுக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே உங்கள் முகாமுக்குத் தானாகவே நடந்து வந்து, விரலை நீட்டி, உடம்பில் குறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போன பெண்கள் பத்தொன்பது வருடத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்களா? காரணம் இரும்புக் குறைவா, வேறு ஏதாவதா? மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் அடுத்த முகாமில் எத்தனை பேரின் துளி முங்கும்? இரண்டு வருடத்தில், பன்னிரண்டு லட்சத்துக்குள், உங்கள் ஊரிலேயே பதில் தேடக்கூடிய கேள்விகள் இவை.

கொடுத்தவர்களின் பெயர் உங்கள் நோட்டில் இருக்கும். திருப்பி அனுப்பியவர்களின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அந்தப் பழைய நோட்டுகளை யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் வருகிற முகாமிலேயே ஒரு தனி நோட்டுப் போடுங்கள். பெயர், வயது, எச்.பி., போன் நம்பர். அவர்கள் சம்மதித்தால் மட்டும். எழுதுவதற்கு ஆள் குறைந்தால் சொல்லுங்கள், நான் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்.